பொட்டு வைத்த பலூன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய இடம் மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் படித்தது திருவனந்தபுரத்தில் சாலை என்கிற பெரிய கடைவீதிக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அரிசி மூட்டைமேல் மையால் போட்ட அடையாளமும், கண்ணாடிப் பாத்திரங்களில் ஒட்டும் சீட்டும்தான். நம் தமிழர் சங்கத்து மலருக்காக இதைத் தட்டச்சு செய்யப்போகிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். எழுத்தில்தான் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

இதை எழுதும்போது என் பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டின் இருக்கிறது. வருஷம் முழுவதும் அதற்குள் கொஞ்சம் பவுடரும், அதில் புரண்டபடி ஒரு பலூனும் இருக்கும். ஊதாத பலூன். அரைத்த சந்தனத்தில் பால் ஊற்றினால் வரும் நிறம். காம்புக்குச் சற்று மேலே, கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. கடையில் வாங்கியது இல்லை. நானும் சேர்ந்து செய்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு என் மகளின் புத்தகங்களோடு இந்த டின்னும் சாமி அலமாரியில் ஏறும். கல்யாணமான புதிதில் என் மனைவி, பலூனுக்குப் பூஜை செய்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தாள். இப்போது நான் மறந்தாலும் அவளே எடுத்து வைத்துவிடுகிறாள்.

இந்தப் பலூன் மேடத்துடையது. அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொல்லி எழுத எனக்குக் கை வராது. ஸ்ரீவராகத்தில் அக்கிரகாரத்து வீடு. அவர் வீட்டுக்கு மாதச் சாமான் நான் வேலை பார்த்த கடையிலிருந்துதான் போகும். கொண்டுபோய் இறக்குவது நான். ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "அண்ணாச்சி, எங்க லேபுக்கு ஒரு ஆள் வேணும். பாத்திரம் கழுவணும், மெஷினைப் பாத்துக்கணும். வரேளா?" என்று கேட்டார். எனக்கு ஆசைதான். ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் அப்படித்தான். பஸ்ஸில் என் காலை யாராவது மிதித்துக்கொண்டு நின்றால்கூட, அவர் இறங்கும்வரை காத்திருப்பேன். அடுத்த மாதச் சாமானோடு போனபோது, பருப்புப் பையை நீட்டிக்கொண்டே, "வாறேன் மேடம்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "சரி, திங்கக்கிழமை வந்துடுங்கோ" என்றார். ஒரு பதிலுக்கு ஒரு மாதம் காத்திருக்கத் தெரிந்த மனுஷி என்று அன்றைக்கே என் மனசில் பட்டது.

ஆராய்ச்சிக் கூடம் ஊருக்குக் கொஞ்சம் வெளியே, பலா மரங்களுக்கு நடுவில் இருந்தது. மேடம் ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அன்றைய வேலையில் பாதியைச் சொல்லி முடித்துவிடுவார். அவர் சிரித்தால் கீழே வாசலில் இருக்கும் செக்யூரிட்டி சேட்டனுக்குக் கேட்கும். மலையாளத்தில் சேட்டன் என்றால் அண்ணன். சேட்டனும் காரணம் தெரியாமலேயே சிரிப்பார். மேடம் கையில் எடுத்திருந்த வேலை என்னவென்றால், ஒருவகைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, ரப்பர் பாலில் கலந்து, அதிலிருந்து காற்றை வெளியே விடாத மெல்லிய ரப்பர் செய்வது. மண் குஜராத் பக்கத்திலிருந்து வரும். ரப்பர் பால் நம் ஊரிலேயே கிடைக்கும். அது கெட்டுப்போகாமலிருக்க அமோனியா ஊற்றி வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சேட்டன் ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க அம்மாயியம்மையே பரவாயில்லை" என்றார். அம்மாயியம்மை என்றால் மாமியார்.

முதல் வாரத்திலேயே மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அண்ணாச்சி, செய்யறது என்னதுன்னு தெரியாம செய்யப்படாது. சாலைல வெத்தலைக் கட்டு பாத்திருக்கேளோல்லியோ? இந்த மண்ணு ஒவ்வொரு பொடியும் ஒரு வெத்தலைக் கட்டாக்கும். ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி இருக்கு. கண்ணால பாக்க முடியாது, அவ்வளவு மெல்லிசு. தண்ணி உள்ள பூந்து ஒவ்வொரு வெத்தலையா பிரிக்கணும். பிரிஞ்ச வெத்தலை ரப்பருக்குள்ள பரந்து படுத்துக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "படுத்துண்டா என்ன ஆகும்னு கேக்க மாட்டேளா?" நான் தரையைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "காத்து வெளில போகப் பாக்கும். நேரா போக முடியாது. ஓணத்துக்கு முந்தின நாள் கெழக்கே கோட்டைலேர்ந்து சாலை வழியா கிள்ளிப்பாலம் போற மாதிரி. ஒரு வண்டியைச் சுத்தணும், ஒரு கூடையைத் தாண்டணும், யார் மேலயாவது இடிச்சுண்டு நிக்கணும். அது போய்ச் சேரறதுக்குள்ள ஓணமே முடிஞ்சுடும்."

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ ஓணத்துக்கு முதுகில் மூட்டையோடு போயிருக்கிறேன். பிற்பாடு பெரிய பெரிய ஆட்கள் வந்து இதே விஷயத்தைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு இங்கிலீஷில் சொன்னார்கள். மேடம் அவர்களிடமும் கடைசியில் சாலைக் கதையைத்தான் சொல்வார். வெளியூர்க்காரர்கள் புரியாமல் தலையாட்டுவார்கள்.

காற்று நிற்கிறதா என்று பார்க்க மேடம் கண்டுபிடித்த வழிதான் பலூன். அதற்கென்று தனியாக மெஷின் இருந்தது. ஆனால் அது பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும். அதனால் கண்ணாடியில் செய்த பலூன் அச்சுகளைக் கலவையில் முக்கி எடுப்போம். காயவைத்து, சூட்டடுப்பில் வேகவைத்து, பவுடர் பூசி, விளிம்பிலிருந்து மெதுவாகச் சுருட்டி உரிப்போம். பிறகு ஊதி, முடிச்சுப் போட்டு, ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டுவோம். மண் கலக்காத பலூன்களையும் கூடவே கட்டுவோம். எது முதலில் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் நம்பர் போட்டால் சுவாரசியம் இல்லை என்று மேடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார். ஒன்று சேட்டன், ஒன்று கேன்டீன் சேச்சி, ஒன்று நான், எல்லாவற்றிலும் பெரியது டைரக்டர். காலையில் வந்ததும் சேட்டன் கீழேயிருந்தே கேட்பார்: "மேடம், இன்னிக்கு டைரக்டருக்கு எப்படி இருக்கு?" மேடம் மேலேயிருந்து சொல்வார்: "வாடிப் போயிட்டார். ராத்திரி தாண்டாது." ஒருநாள் நிஜமான டைரக்டர் மாடிப்படியில் நின்று இதைக் கேட்டுவிட்டார். அவர் அப்படியே திரும்பி இறங்கிப் போனார். மறுநாள் அந்தப் பலூனின் பெயரை மேடம் "தூரத்துச் சொந்தம்" என்று மாற்றினார்.

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் வேலை நடக்கவில்லை என்பதுதான் உண்மை. மண் கலந்த பலூனும் மண் கலக்காத பலூனும் ஏறக்குறைய ஒரேநாளில் சுருங்கின. சிலது ஊதும்போதே வெடித்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உப்புமாவில் ரவை கட்டிபிடித்த மாதிரி பொட்டுப்பொட்டாக மண் தெரியும். கட்டு பிரியவில்லை. மேடம் கலக்கும் மெஷினை இன்னும் வேகமாக ஓட்டிப் பார்த்தார். கலவையில் சேர்க்கும் மருந்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். அவருக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம்தான் இல்லை. பணம் கொடுக்கிறவர்கள் அனுப்பிய குழு ஒருதடவை வந்து பார்த்துவிட்டு, அடுத்தமுறை கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியை இத்தோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லிப் போயிருந்தது. நிறுத்தினால் மேடம் வேறு எங்காவது பாடம் நடத்தப் போய்விடுவார். என் வேலை அந்த ஆராய்ச்சியோடு சேர்ந்த வேலை. அது முடிந்தால் நான் திரும்ப சாலைக்கு, மூட்டைக்கு. மூட்டை தூக்குவது கேவலம் இல்லை. ஆனால் காலையில் வந்ததும் ஜன்னலைப் பார்த்து, இன்றைக்கு யார் வாடியிருக்கிறார்கள் என்று தேடுகிற வேலை ஒருவனுக்கு இன்னொரு தடவை கிடைக்குமா?

அடுத்த குழு வரும் நாள் விஜயதசமி கழிந்து இரண்டாம் நாள் என்று முடிவாகி வந்தது. துர்காஷ்டமி அன்று மத்தியானம் மேடம் கடைசி முயற்சியாகப் பெரிய பாத்திரத்தில் மண்ணைப் போட்டு, சுத்தமான தண்ணீர் விட்டு, கலக்கும் மெஷினை ஓடவிட்டார். ராத்திரி முழுவதும் ஓட வேண்டும், மறுநாள் காலை ரப்பர் பாலில் சேர்த்து அச்சு முக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அன்றைக்கு சாயந்திரம்தான் பூஜைக்கு வைக்கிற நேரம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தகம், பேனா, கருவி, மெஷின் எல்லாவற்றையும் அஷ்டமி சாயந்திரம் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை முடிந்து எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. படிக்கவும் கூடாது, வேலை செய்யவும் கூடாது. நகர்த்த முடியாத மெஷின்களுக்கு இருக்கிற இடத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். பொட்டு வைத்தால் பூஜையில் இருக்கிறது என்று அர்த்தம்.

வருஷா வருஷம் பொட்டு வைப்பது நானும் சேட்டனும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய், கடைசியில் எங்கள் லேபுக்கு வந்தோம். கலக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் பக்கத்து அறையில் ஃபோனில் குழுவின் தலைவரோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கேட்க எனக்குக் கூச்சம். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதற்கு மட்டும் வைக்காமல் போகவும் மனசு வரவில்லை. மோட்டார் தலையில் மெதுவாக ஒரு பொட்டு வைத்தேன். மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது. விரலில் இருந்த குங்குமத்தில் ஒரு நுள்ளு, ஒரு சிட்டிகை அளவு, கீழே பாத்திரத்துக்குள் விழுந்து, ஒரு சிவப்பு நூல் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் காணாமல் போனது. சொல்லலாம் என்று திரும்பினேன். மேடம் ஃபோனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து, எனக்குக் கையால் போய்வருகிறேன் என்று காட்டிவிட்டு, படியிறங்கி ஸ்கூட்டரை எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் மகாநவமி, விடுமுறை. கட்டடத்தில் மேடமும் நானும் வாசலில் சேட்டனும் மட்டும்தான். லேப் கதவைத் திறந்ததும் சத்தம் இல்லை. கலக்கும் மெஷின் நின்றுபோயிருந்தது. நாங்கள் போன பிறகு, சேட்டன் எப்போதும் செய்வதுபோலப் பூஜைக்கு விளக்கேற்றிவிட்டு, அந்த மாடியின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார். "பூஜை வெச்சா பின்னே கரண்டு எந்தினு, மேடம்? எல்லா வருஷமும் ஆஃப் ஆக்கறதுதானே" என்றார். எந்தினு என்றால் எதற்கு. நானும் உடனே குங்குமம் விழுந்ததைச் சொன்னேன். மேடம், "எவ்வளவு?" என்று கேட்டார். "ஒரு நுள்ளு, மேடம்." அவர் குனிந்து பாத்திரத்தைப் பார்த்தார். மோட்டார் தலையில் இருந்த பொட்டைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஞான் இப்போ ஆன் ஆக்கட்டா?" என்று சேட்டன் கேட்டார்.

மேடம் ஸ்விட்சுக்குப் பக்கம் கையைக் கொண்டுபோனார். பிறகு எடுத்துக்கொண்டார். "நான் இதெல்லாம் நம்பறவ இல்லையாக்கும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ஆனா பொட்டு வெச்சதை எடுக்க நேக்குக் கை வரலையே. சின்ன வயசுல வருஷத்துல இந்த ஒரு நாள்தான் ஆத்துல யாரும் என்னைப் படி படின்னு சொல்ல மாட்டா. புஸ்தகத்துக்கும் லீவு, நேக்கும் லீவு. அந்த லீவைக் குடுத்த தெய்வத்துக்கு இன்னிக்கு நான் லீவு குடுக்க மாட்டேன்னு சொல்றதா? சாரமில்லை. இருக்கட்டும்" என்றார். சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அவர் முகத்தில் பரவாயில்லை என்பது இல்லை. ஒரு முழு நாள் போய்விட்டது. பலூன்கள் ஒரு நாளாவது தொங்கினால்தான் வித்தியாசம் தெரியும் என்பதால், செய்ய மிச்சம் இருப்பது விஜயதசமி ஒரு நாள். அது போதுமா என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

அந்த நாளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். செய்ய ஒரு வேலையும் இல்லை, வீட்டுக்குப் போகவும் யாருக்கும் மனசில்லை. பலா மரத்து நிழலில், படிக்கட்டில் உட்கார்ந்தோம். மேடம் பையிலிருந்து சுண்டல் எடுத்தார். சேட்டன் சாயா வாங்கி வந்தார். மேடம் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. முதலில் கையைக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு சேட்டன் தன் மாமியார் கதை ஒன்றைச் சொல்ல, சிரிக்க ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க ஏதாவது சொல்லுங்கோ" என்றார். எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும், ஓணச் சமயத்தில் ஒரு மாடு சாலைக்குள் புகுந்து, வெல்லக் கடை வாசலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்காமல், மொத்த பஜாரும் அதைச் சுற்றிச் சுற்றிப் போனதைச் சொன்னேன். கடைக்காரர் அதைக் கும்பிட்டதையும், அது வெல்லத்தை நக்கிக்கொண்டே அவரைப் பார்த்ததையும் சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை ஒரேயடியாக வந்தது அதுதான் முதல் தடவை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த மாடுதான் நம்ம மண்ணு, அண்ணாச்சி. நடுவுல படுத்துண்டா போறும். காத்து சுத்திண்டு போகட்டும்" என்றார். பிறகு சொன்னார்: "இதையெல்லாம் நீங்க எழுதணும்." நான் என் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். "கையெழுத்தை யார் கேட்டா?" என்றார்.

விஜயதசமி காலையில் சேட்டன் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினார். விஜயதசமி வழக்கப்படி மேடம் தட்டில் பரப்பியிருந்த அரிசியில் விரலால் ஏதோ எழுதினார். என்னையும் எழுதச் சொன்னார். பிறகு மேலே வந்து பாத்திரத்தைத் திறந்தோம். இரண்டு ராத்திரி ஒரு பகல் அசையாமல் ஊறிய மண், அடியில் தங்கியிருக்கும் என்றுதான் நினைத்தோம். தங்கவில்லை. ஆறிய கூழ் மாதிரி ஒரே பதமாக நின்றது. மேடம் கண்ணாடிக் கோலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் வெளிச்சம் பட்டதும், பட்டுப் புடவை மடிப்பு நகர்கிறதுபோல அதற்குள் மினுமினுவென்று கோடுகள் ஓடின. மேடம் கோலை நிறுத்தினார். கோடுகள் அடங்கின. மறுபடி சுற்றினார், மறுபடி ஓடின. "அண்ணாச்சி, வெத்தலை பிரிஞ்சுடுத்து" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் சிரித்தது கீழே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூச்சுவிட நேரமில்லை. மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ரப்பர் பாலில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, அச்சுகளை முக்கி, காயவைத்து, வேகவைத்து, உரித்து, பொழுது சாய்வதற்குள் ஊதிக் கட்டிவிட்டோம். உரிக்கும்போதுதான் கவனித்தேன். கரையாமல் தப்பிய குங்குமப் பொடி ஒன்று, ஒரே ஒரு பலூனில், காம்புக்கு மேலே சரியாக நெற்றியில் வைத்ததுபோல ஒட்டியிருந்தது. எடுத்துத் தூரப் போட்டுவிடலாமா என்று மேடத்தைப் பார்த்தேன். "அதையும் கட்டுங்கோ" என்றார்.

குழு வந்தது. தலைவர் வயதானவர், வெள்ளை முழுக்கைச் சட்டை, அதிகம் பேசாதவர். மேடம் திரையில் படம் படமாகக் காட்டினார். தலைவர் பாதியில் எழுந்து நேராக ஜன்னலுக்கு வந்துவிட்டார். மண் கலக்காத பலூன்கள் காய்ந்த நாரத்தங்காய் மாதிரி தொங்கின. மண் கலந்தவை கட்டியபோது இருந்ததுபோலவே விறைப்பாக இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்து, பொட்டு வைத்ததில் நின்றார். இது என்ன சிவப்பு, ஏதாவது சேர்த்தீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

மேடம் காட்டிய படத்தில் இத்தனை மணி நேரம் ஊறவைத்தது என்றுதான் எழுதியிருந்தது. அப்படியே விட்டிருந்தால், எல்லாம் யோசித்துச் செய்தது மாதிரி ஆகியிருக்கும். மேடம் விடவில்லை. பூஜைக்கு வைத்ததும், ஸ்விட்ச் அணைந்ததும், தான் மறுபடி போடாததும், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். தலைவர், "பொட்டு வைத்தது யார்?" என்று கேட்டார். வாசலில் நின்ற சேட்டன் என்னைப் பார்த்தார். "நான்தான் சார்" என்றேன். எதற்கு என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "தோசை மாவையே ஒரு ராத்திரி சும்மா விடுதோம்லா சார். மண்ணுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா?"

முதலில் சிரித்தது தலைவர்தான். அப்புறம் முகம் சுளித்தவரும் சிரித்தார். சிரித்து முடித்துத் தலைவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இன்னும் ஒரு வருஷம் தருகிறோம். ஆனால் அடுத்தமுறை பொட்டு இல்லாமல் செய்து காட்ட வேண்டும். மண் ஊறியதாலா, குங்குமத்தாலா, அதிர்ஷ்டத்தாலா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

மேடம் இரண்டு விதமாகவும் செய்தார். பொட்டு இல்லாமல், அதேபோல ஊறவைத்து ஒன்று. குங்குமம் போட்டு, ஊறவைக்காமல் ஒன்று. குங்குமம் போட என்னையே கூப்பிட்டார், "அதே நுள்ளு, அதே விரல்" என்று. ஊறவைத்த பலூன் நின்றது. பொட்டு வைத்தும் ஊறாத பலூன் மறுநாளே சுருங்கியது. சேட்டனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "அப்போ தேவிக்கு இதில பங்கே இல்லையா, மேடம்?" என்று கேட்டார். மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "பின்னே, அவசரப்பட்ட நம்மளைக் கையைப் பிடிச்சு நிறுத்தினது யாராக்கும்?" என்றார். சேட்டன் அன்று முழுவதும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது. நான் அந்தக் கட்டடத்திலேயே அடுத்தடுத்த வேலைகளில் தொடர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். எதை ஊறப் போட்டாலும், ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளில் யாராவது அவசரப்பட்டால், லீவு கொடுங்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. குழு போனதும் காற்றை இறக்கி எடுத்து வைத்திருந்த பொட்டு வைத்த பலூனை, ஓய்வு பெற்ற அன்று மேடம் பவுடர் டின்னில் போட்டு என் கையில் கொடுத்தார். இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறார். விஜயதசமிக்கு ஃபோன் செய்வார். செய்யும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "எழுதினேளா, அண்ணாச்சி?" நான் ஒவ்வொரு வருஷமும் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அஷ்டமி சாயந்திரம், டின்னோடு ஒரு பேனாவையும் கோடு போட்ட புது நோட்டையும் அலமாரியில் வைத்தேன். மனைவி நோட்டின்மேல் ஒரு பூ வைத்தாள். இன்று காலை பூஜை முடிந்து எல்லாவற்றையும் எடுத்தபோது, "ஒரு தடவைதான் ஊதிப் பாருங்களேன். பெட்டிக்குள்ளேயே வெச்சு என்ன செய்யப் போறீய?" என்றாள். மகள், "பொட்டிப் போகும் அப்பா, வேண்டா" என்று மலையாளத்தில் தடுத்தாள், உடைந்துவிடுமாம். எனக்கும் பயம்தான். ரப்பருக்கும் வயசாகும். மேடத்துக்கு ஃபோன் செய்து கேட்டேன். "பாதி ஊதுங்கோ. அவசரப்படாம" என்றார்.

பாதிதான் ஊதினேன். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு இளகியது. பொட்டு பெரிதாகி, நாள்பட்டதால் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. முடிச்சுப் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நடுவில் சாப்பிட எழுந்தேன். மகள் வந்து எட்டிப் பார்த்து, தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து, மாடு வந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போனாள். இப்போது விளக்கு வைக்கிற நேரம். பேனாவை மூடுவதற்கு முன்னால் எழுந்து போய், தலைவர் செய்ததுபோல ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். விறைப்பாக இருக்கிறது. நாளைக் காலையில் மேடம் ஃபோனில் முதலில் இதைத்தான் கேட்பார்.

எழுதி முடித்தது: விஜயதசமி நாள், சாயந்திரம், திருவனந்தபுரம்.